கோடைக்கானல் போன வாரம்

10 மே 1984, வியாழன்

வெயில் கொளுத்துகிறது. காலையிலிருந்து கரண்ட் இல்லை, தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. அதனால் வீட்டில் பேசுவதெல்லாம் எல்லாருக்கும் கேட்கிறது. தறி ஓடினாலும் இந்த வீட்டில் கேட்கத்தான் செய்யும்.

கோடைக்கானல் முடிவாகிவிட்டது. ஞாயிறு காலை வேன். நான் கேட்டது மூன்று பேர்: அவர், நான், மகள் சபீனா. பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருவது. சரி என்றுதான் சொன்னார், முந்தாநாள். நேற்று தன் உம்மாவிடம், என் மாமியிடம், சொன்னார். மாமி கடையநல்லூரில் இருக்கிற மகள் ஜொகராவுக்கு ஆள் அனுப்பினார். இன்றைக்கு வேன் நிறைந்துவிட்டது. ஜொகரா, அவள் மாப்பிள்ளை, அவள் பிள்ளைகள், அவள் மாமியார், மாமியாரைக் கைபிடித்துக் கூட்டிப்போக ஒரு குமரிப்பெண். என் கொழுந்தன் காதரும் சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு வருகிறான்.

மாமி: "சவூதியில கெடந்து காயுதான். குடும்பத்தோட ஒரு எடம் போயிட்டு வந்தாத்தானே அவனுக்கும் மனசு நெறையும்."

அவனுக்கு மனசு. எனக்கு அப்படி ஒன்று வைத்துப் படைக்கவில்லை போலிருக்கிறது.

அவரிடம் கேட்டேன். "உம்மா ஆசைப்படுதாங்க, வேண்டாம்னு எப்பிடிளா சொல்ல?" என்றார். சரி. ஊரையே கூட்டிக்கொண்டு போகட்டும்.

வாங்க வேண்டியது: எலுமிச்சம்பழம், புளி, முட்டை, வாந்திக்குப் பிளாஸ்டிக் பை. சபீனாவுக்கு ஸ்வெட்டர் எதிர்வீட்டு டீச்சரிடம் இரவல்.

12 மே, சனி

புளி கரைத்தாயிற்று. வத்தல் கிள்ளி விரலெல்லாம் எரிச்சல். ஜொகரா வந்து இறங்கிவிட்டாள். வந்ததும் படுத்துக்கொண்டாள், நாளைக்கு மலை ஏற வேண்டுமாம். வேனில் உட்காருவதற்கு இவ்வளவு ஓய்வு.

எதற்காக அந்த மலைக்கு ஆசைப்பட்டேன் என்று இங்கே எழுதிவிடுகிறேன். மலையைப் பார்க்க இல்லை.

போன தடவை அவர் லீவு முடிந்து போனபோது நான் உண்டாகி இருந்தேன். அவர் போன பிறகுதான் தெரிந்தது. அவருக்கு எழுதவில்லை. மாமி எழுத விடவில்லை. அவர் உயரத்தில் தொங்கிக்கொண்டு வெல்டிங் பார்க்கிறவர், கவலைச் செய்தி எதுவும் அங்கே போகக் கூடாது என்பது இந்த வீட்டுச் சட்டம். பிள்ளை பிறந்ததும் சந்தோஷமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றார் மாமி. நான் எழுதும் கடிதத்தை மாமி பக்கத்தில் உட்கார்ந்து படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் ஒட்ட விடுவார். அவர் பேசி அனுப்புகிற கேசட்டை நடுக்கூடத்தில் வைத்துத்தான் போடுவார்கள், அக்கம்பக்கம் எல்லாம் வந்து கேட்கும். புருஷன் பெண்டாட்டிக்குச் சொன்னதைக் கேட்டு அடுத்த வீட்டுக்காரி சிரிப்பாள். பெரியம்மா மௌத்தாகி அடக்கம் முடிந்ததைக்கூட அவர் வந்து பெட்டியைத் திறந்து, "இது பெரியம்மாவுக்கு" என்று சேலையை எடுத்து வைத்த பிறகுதான் சொன்னார்கள்.

ஏழாம் மாதத்தில் வலி வந்தது. ஆண் பிள்ளை. சத்தமே இல்லாமல் பிறந்தது. ஒரு தடவை முகத்தைக் காட்டினார்கள். அவர் மூக்கு. காதர் வெள்ளைத் துணியில் வாங்கிக்கொண்டு மையவாடிக்குப் போனான். பெண்கள் அங்கே போகிற வழக்கம் இல்லை. எந்த இடத்தில் அடக்கினார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தெம்பு அப்போது இல்லை.

இப்போது அவர் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. "ஏ பாத்து, அவன்கிட்ட மூச்சு விடக் கூடாது. வந்த எடத்துல சந்தோசமா இருந்துட்டுப் போகட்டும்" என்று மாமி முதல் நாளே சொல்லிவிட்டார். எங்கள் அறைக்கும் மாமி படுக்கிற இடத்துக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டி. இரண்டு தடவை சொல்ல வாயெடுத்தேன். இரண்டு தடவையும் அந்தப் பக்கம் இருமல். மூன்றாவது தடவை நானே வாயை மூடிக்கொண்டேன்.

மலை உச்சியில் தட்டி இருக்காது. அதற்குத்தான் போகிறேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவருக்குத் தெரிய வேண்டும், தெரிந்து மையவாடிக்குப் போய்ப் பிள்ளைக்கு ஒரு துஆ செய்ய வேண்டும். வாப்பா என்று ஒருத்தர் வந்து நிற்க வேண்டாமா?

14 மே, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி.

விடிவதற்குள் கிளம்ப வேண்டிய வேன், ஜொகராவின் மாமியார் செருப்பைத் தேடியதில் வெயில் ஏறித்தான் கிளம்பியது. ஆண்கள் முன்னால், நாங்கள் பின்னால். அவர் டிரைவர் பக்கத்தில். ராஜபாளையம் தாண்டும்வரை ஒரே பாட்டும் கூத்தும். வத்தலக்குண்டு தாண்டி வளைவு ஆரம்பித்ததும் பாட்டு நின்றது. முதலில் ஜொகரா, பிறகு அவள் பிள்ளைகள், பிறகு மாமி. எலுமிச்சம்பழத்தை நறுக்கி நறுக்கிக் கொடுத்தது நான். பையைப் பிடித்தது நான். எனக்கும் குமட்டியது, ஆனால் எனக்குப் பை பிடிக்க ஆள் இல்லை என்பதால் அடக்கிக்கொண்டேன்.

ஏரிக்கரையில் புளிச்சோறு, அவித்த முட்டை. உப்பு கூடிவிட்டதாம். மிச்சம் ஒரு பருக்கை இல்லை.

பிறகு தூண் பாறை. கம்பி வேலி, வேலிக்கு அப்பால் வெள்ளை. பாறையும் இல்லை, பள்ளமும் இல்லை, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரே பனி. டிரைவர் சிரித்துக்கொண்டே, "மத்தியானம் ஆயிட்டா இப்படித்தான் அண்ணாச்சி. காலையிலயே வந்திருக்கணும்" என்றார். எல்லாரும் ஜொகராவின் மாமியார் செருப்பைப் பார்த்தோம். கடலை விற்கிறவன் மட்டும், "இந்தா வெலகிரும், இந்தா வெலகிரும்" என்று சொல்லிச் சொல்லியே விற்றுத் தீர்த்தான்.

அவர் சவூதிக் காமிராவில் எல்லாரையும் நிற்கவைத்துப் படம் பிடித்தார். பின்னால் ஒன்றும் இல்லை. இதை வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்று பிடித்திருந்தால் வாந்தி மிச்சம்.

பனி இறங்கி ஆட்களையும் மூடியது. குரல் மட்டும் கேட்கிறது, ஆள் தெரியவில்லை. மாமி எங்கேயோ, "சபீனா கையப் புடிளா" என்று ஜொகராவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இதுதான் நேரம். அவர் சட்டைக் கையைப் பிடித்து வேலியோரமாகக் கடைசி மட்டும் இழுத்துக்கொண்டு போனேன்.

"என்னளா, எங்க கூட்டிட்டுப் போற?"

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். எத்தனை நாள் மனசுக்குள் அடுக்கிவைத்த பேச்சு, நாலு வரியில் முடிந்துவிட்டது. ஏழு மாசம், ஆம்பளப் பிள்ளை, மூச்சு இல்லை, காதர் கொண்டுபோய் அடக்கினான்.

அவர் வேலிக் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவது எப்போதும் கல்லில் நார் உரிக்கிற வேலை. பிறகு சொன்னார்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். உம்மா அப்பவே தனியா ஒரு கேசட்டு பேசி, நம்ம ஊரு ஆள் கையில குடுத்துவிட்டிருந்தாங்க. ஒங்கிட்டக் கேக்க வேண்டாம், கேட்டா நீ அழுவன்னு சொன்னாங்க."

கவலைச் செய்தி போகக் கூடாது என்ற சட்டம் எனக்கு மட்டும்தான். மாமி சொல்லலாம், மகன் கேட்கலாம். பெற்றவள் வாயை மூடிக்கொண்டு, அவர் அனுப்பிய சென்ட்டைப் பூசிக்கொண்டு சிரிக்க வேண்டும். அந்த மாதம் நடுக்கூடத்தில் போட்ட கேசட் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஜாக்கெட் அளவு கேட்டிருந்தார்.

"தெரிஞ்சுமா ஒரு வார்த்த கேக்கல?"

"அங்கன ஒரு ரூமுல எத்தன பேரு கெடக்கோம் தெரியுமா? போர்வைய மூடிக்கிட்டுத்தான் கேட்டேன். மறுநாள் டூட்டிக்குப் போனேன். வேற என்ன செய்யச் சொல்லுத?"

அவர் கண் கலங்கியிருந்தது. பனியோ என்னவோ. அப்போது பாவமாகத்தான் இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"வந்து இத்தன நாளாச்சே, மையவாடிக்குப் போனீங்களா?"

"வாப்பா கபுருக்குப் போனேன். வந்த மறுநாளே."

"பிள்ள கபுருக்கு?"

காமிரா மூடியைத் திறந்து மூடினார்.

"போறதுக்கு முன்னால ஒரு தடவ போயிட்டு வாங்க. எனக்காகப் போக வேண்டாம். அவனுக்காகப் போங்க."

சரி என்று தலையை ஆட்டினார். அந்த நேரம் பார்த்துப் பனி விலகியது. "தெரியுது, தெரியுது, எல்லாரும் வாங்க" என்று ஜொகரா கத்தினாள். அவர் திரும்பிக் காமிராவைத் தூக்கினார். நானும் பார்த்தேன். பெரிய பாறைகள்தான். மூன்று நிற்கிறது.

15 மே, செவ்வாய்

மாமி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல்: "மலையில வச்சு அவன்கிட்ட என்னமோ கேட்டியாமே."

கோடைக்கானல்வரை போய்ப் பனிக்குள் ஒளிந்து பேசின பேச்சு. வீடு வந்து ஒரு முழுநாள் தாங்கவில்லை.

அவரிடம் கேட்டால், "உம்மா கேட்டாங்க, சொன்னேன்." உம்மா கேட்டால் சொல்ல வாய் இருக்கிறது. நான் கேட்டால்தான் கம்பி வேலியைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மாமி பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "ஏ பாத்து, நானும் அஞ்சு பெத்து ரெண்ட மண்ணுக்குக் குடுத்தவதான். தோண்டித் தோண்டிப் பேசுனா ஆறுமா?" என்றார். பேசாமல் இருந்து இவருக்கு ஆறிவிட்டதா என்று கேட்க நினைத்தேன்.

டெய்லரிடம் சபீனா பாவாடை வாங்க வேண்டும். அவர் பனியன்கள் துவைத்தாயிற்று. நோன்பு பிறப்பதற்குள் அங்கே டூட்டியில் இருக்க வேண்டுமாம். சனிக்கிழமை கிளம்புகிறார்.

18 மே, வெள்ளி

ஜும்மாத் தொழுகை முடிந்து வெகுநேரம் கழித்து வந்தார். கேட்பதா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தேன். அவராகவே அடுப்படிக்கு வந்து நின்றார்.

"போனேன்."

"பிள்ளகிட்டயா?"

"ம். வாப்பா கபுருக்குப் பக்கத்துலதான் இருக்கு. ஓதி துஆ செஞ்சேன்."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு வேறு ஒன்றும் வேண்டியும் இருக்கவில்லை. தாத்தாவுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறான். இது தெரியாமலா இத்தனை நாள் இருந்தேன்! முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். இந்தத் தடவை இருமல் வந்தாலும் பரவாயில்லை.

அவருக்குப் பிடிக்கும் என்று தேங்காய்ச்சோறும் அதற்கு ஊற்றிக்கொள்ளக் கறி ஆணமும். மாமியிடம்கூட இரண்டு வார்த்தை நன்றாகப் பேசினேன். இந்த வாரம் எழுதினதை எல்லாம் அடித்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது.

19 மே, சனி

புழுக்கம். காற்றே இல்லை. திருவனந்தபுரத்துக்கு வேன் காலையிலேயே வந்து நின்றுவிட்டது. ஏரோப்ளேன் ஏற்றிவிட வீடே கிளம்புகிறது. நானும் சேலை மாற்றி நின்றேன். காதர் மட்டும் கடை திறக்க வேண்டும், வரவில்லை.

முற்றத்தில் காதர் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். சும்மாதான் பேச்சுக்கொடுத்தேன்.

"வாப்பா கபுருகிட்ட மரம் ஏதும் உண்டா காதர்? பிள்ளைக்கு நெழலு விழுமா?"

நிமிர்ந்து பார்த்தான். "பிள்ள அங்கன இல்லையே மயினி. வாப்பா தெக்கால இருக்காங்க. சின்னப் பிள்ளைக எல்லாம் வடக்குச் சொவரு ஓரம்."

"நேத்து ஒங்க அண்ணன்கிட்டக் காட்டலியா?"

"நானும் கூடத்தான் போனேன், அண்ணன் கேக்கலையே. வாப்பா கபுருல ஓதிட்டு, ஊருக்குப் போறதச் சொல்லணும்னு நேரா சிநேகிதக்காரங்க வீட்டுக்குல்லா போச்சு." சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு விளங்கியது. கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

அவர் உள்ளே கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொண்டிருந்தார். சுற்றி ஆட்கள். நான் இனி எந்த மலைக்குப் போய்ப் பேச? வாசலில் வைத்தே சொன்னேன், எல்லார் காதிலும் விழும்படி.

"பிள்ள வடக்குச் சொவரு ஓரமா இருக்கானாம். போற வழிதான். எறங்கி ஒரு நிமிசம் நின்னுட்டுப் போங்க."

சீப்பு நின்றது. அவர் வாட்சைப் பார்த்தார்.

"நேரமாச்சுளா."

மாமி: "புருசன் பயணம் போற நேரத்துல பேசுத பேச்சா இது? ஏறு வண்டியில."

ஏறவில்லை. சபீனாவை மட்டும் தூக்கி ஜொகரா மடியில் வைத்தேன். அவர் முன் சீட்டிலிருந்து கையைக் காட்டினார். நான் காட்டவில்லை. காதரைப் பின்னாலேயே சைக்கிளில் போய்ப் பார்க்கச் சொன்னேன். மையவாடி வாசலில் வேன் மெதுவாகக்கூடப் போகவில்லை என்று வந்து சொன்னான்.

"என்னைக் கூட்டிட்டுப் போ" என்றேன். பொம்பளைகள் உள்ளே போகக் கூடாதே என்று இழுத்தான். உள்ளே வரவில்லை, சுவருக்கு வெளியே நிற்கிறேன் என்றேன். முன்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான், நான் பின்னால் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு. பட்டப்பகலில் தெருவே பார்த்தது. வடக்குப் பக்கம் கருவேல முள். காதர் காலால் மிதித்து வழி பண்ணிக்கொடுத்து, இன்ன இடம் என்று கையைக் காட்டினான்.

சுவர் என் நெஞ்சு உயரம்தான் இருக்கிறது. இத்தனை நாளும் வெளியே நின்றே பார்த்திருக்கலாம். ஒருத்தரும் சொல்லவில்லை.