அக்காவுக்கு வந்த பாஷை

1946, ஆடிக் கிருத்திகை.

இன்று வீட்டு ஜெபத்தில் அக்கா ஆவி இறங்கி, யாருக்கும் புரியாத அந்நிய பாஷை பேசினாள். தெருவில் காவடிகள் மலைக்குப் போய்க்கொண்டிருந்தன. அவள் குரல் கேட்டு எதிர்வீட்டு நெசவுக்கார அம்மாள் கற்பூரத் தட்டோடு ஓடிவந்தாள். அவள் மகன் பர்மா சண்டைக்குப் போனவன், இன்னும் திரும்பவில்லை.

"முருகா, எம்புள்ள வருவானா?"

அக்கா நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தாள்.

மிஷன் சபையில் உபதேசியாராக இருக்கும் நைனா கத்தினார். "இது சாமியாட்டம் இல்லம்மா! அர்த்தம் சொல்ல ஆளில்லன்னா சபையில பேசக்கூடாதுன்னு வேதத்துல பவுலே எழுதிகிறாரு."

"எனக்குப் புரிஞ்சிடுச்சுங்க. வந்துகினு இருக்கானாம்." அந்த அம்மாள் சிரித்தாள்.

இப்படிப் பேசுவது மனம் தானாகக் கிளப்பும் ஒலி என்றுதான் கல்லூரியில் படித்தேன். ஆனாலும் மாலையில் அக்காவிடம் அர்த்தம் கேட்டேன்.

"ஆவியானவர் பேசினார்டா. அர்த்தம் எனக்குத் தெரியாது. ஆனா பேசும்போது அந்தப் பையன் தண்ணிக்கடியில கெடக்கறாப்பல தெரிஞ்சுது. நைனாகிட்ட சொல்லாத."

எதிர்வீட்டில் மகனுக்குச் சோறு எடுத்து வைத்திருக்கிறார்கள். வாசல் விளக்கு எரிகிறது. அக்கா அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

சுவருக்கு அப்பால், அக்காவின் அறையில், மறுபடியும் அந்தப் பாஷை தொடங்குகிறது. தண்ணீரை நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.