புகையிலைக் கிட்டங்கிக்கு ஒரு சாய்வு

மாசி 3
வெயில் இப்போதே சுள்ளென்று. சாய்வுப் பலகையைச் சோதித்தேன். கிட்டங்கி வாசலிலிருந்து ஜம்பமாக இறங்கி, பாதியில் வழுக்கி, மீதியை உட்கார்ந்தே முடித்தேன். வேட்டி ஆணியில். தெருவே பார்த்தது.

கீழே, நாடகத்துக்கு சீன் வரைகிற சங்கரலிங்கம், தன் சக்கரப் பலகையில் இருந்தபடி: "அண்ணே, எறங்க ஜோரா இருக்கு. ஏறத்தான் வழி சொல்லுங்க."

தப்பு என்னுடையது. புகையிலைச் சிப்பம் உருட்டுகிற சரிவு போட்டுவிட்டேன். நான் படித்த எட்டாம் வகுப்புக் கணக்கு! வண்டி உயரத்துக்குக் கட்டிய தரை. சிப்பம் நேராக உள்ளே போகும், கால் வராதவர் போக முடியாது. கலைஞர்கள் தங்கி வேலை பார்க்க என்று வாடகைக்கு எடுத்தபோது இது தோன்றவில்லை. பாவம் சங்கரலிங்கம், வந்ததிலிருந்து வேப்பமரத்தடியில். தூக்கிவிடுகிறோம் என்றால், "நான் என்ன சிப்பமா?"

வீட்டில் மகள் மீனாவும் அதே பேச்சு. இளம்பிள்ளை வாதம் வந்த கால், கைத்தடி. போன வருஷம் தூக்கிவந்து விட்டால் நாளெல்லாம் இங்கே வரைவாள். இப்போது பெரிய மனுஷி. தூக்க விடுவதில்லை. தீபாவளிக்குப் பிறகு இந்தப் பக்கமே வரவில்லை.

மாசி 5
சாய்வை நீட்டினால் பக்கத்துத் தோல் மண்டி வாசலில் போய் நிற்கும். காதர் பாயிடம் பேச ஒரு பிரசங்கமே தயார் செய்திருந்தேன்.

"என் கடை மறையும்ல?"

"மறையும் பாய்."

"மறைச்சுக்கங்க. மறைஞ்ச கடைக்குப் பெருசா ஒரு போர்டு எழுதச் சொல்லுங்க அந்த மனுஷன."

பிரசங்கம் வீண்.
வாங்க வேண்டியவை: செங்கல், மணல், சுண்ணாம்பு. வேட்டி ஒன்று.

மாசி 9
கொத்தனார்: "கொஞ்சம் செங்குத்தா விட்டா கல்லு மிச்சம்ணே."
மிச்சமே வேண்டாம், நீட்டு என்றேன்.

சோறு போடும்போது மனைவி: "ஊருக்கெல்லாம் பாதை போடுறீக. நம்ம கொல்லச் சாக்கடைக்கு ஒரு கல்லு போட ஆளில்ல."
உண்மை. ரசம் நன்றாக இருந்தது என்றேன்.

மாசி 24
சாய்வு காய்ந்தது. முதலில் ஏறியது பாய் வீட்டு ஆடு. அடுத்தது சங்கரலிங்கம், யாரும் தொடவில்லை. சாயங்காலம் வழக்கம்போல் தெருவுக்குக் கதவு திறந்தாயிற்று. உள்ளே படுதா தொங்கவிட்டு அரண்மனை வரைகிறார், சுற்றிலும் கூட்டம்.

பின்னால் தடிச் சத்தம். மீனா! அம்மாவைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டாள். நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினேன். ஒரு பார்வை பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

ஏறினாள். நடுவில் தடி லேசாக வழுக்கியது. நின்றாள். மறுபடி ஏறினாள்.

உள்ளேயிருந்து அவர்: "வா தாயி, மேல கொஞ்சம் மேகத்தப் போடு. எனக்குக் கை எட்டல."

'பாத்து' என்ற சொல் பல்லு வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.