செவலை யாருக்கு

மேனாம்பேடு,
02.03.2025

அன்புள்ள எழிலுக்கு,

செவலையை இன்று காலை எட்டு மணிக்குப் பட்டாபிராம் ஸ்டேஷன் வண்டி ஸ்டாண்டில் விட்டுவிட்டேன். சாவியும் இந்தக் கடிதமும் ஸ்டாண்டு வேம்புலியம்மாவிடம் இருக்கும். மார்ச் முழுக்க உன் முறை.

செயின் கொஞ்சம் தொய்ந்திருந்தது, இழுத்து வைத்திருக்கிறேன். முன் பிரேக் புதிது. முதல் இரண்டு நாள் வெடுக்கென்று பிடிக்கும், பயந்துவிடாதே. ஆவடி மார்க்கெட் பக்கம் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், க்ளினிக்குக்குப் போகும்போது அந்த வழியை விட்டுவிடு. இரண்டு டயரிலும் காற்று பார்த்தாகிவிட்டது.

வக்கீல் ஷர்மிளா மேடம் கூப்பிட்டிருந்தார். நாம் மனு போட்டு ஆறு மாதம் ஆகப்போகிறதாம். ஏப்ரல் 23, புதன்கிழமை, பூந்தமல்லி கோர்ட்டில் கடைசிக் கையெழுத்து. அன்றைக்கு வண்டி யார் கையில் இருக்கிறதோ, பிறகு அது அவருக்கே என்று மனுவில் எழுதியிருப்பதை உனக்கு நினைவுபடுத்தச் சொன்னார். நினைவுபடுத்திவிட்டேன்.

ஃபோனில் பேசினால் ஐந்தாவது நிமிடத்தில் சண்டை வருகிறது, எழுதிக்கொள்வோம் என்று நீ சொன்னது நல்ல யோசனைதான். எழுதும்போது நான் கொஞ்சம் நல்லவனாக இருப்பதாக எனக்கே தோன்றுகிறது.

இப்படிக்கு,
தசரதன்

&nbsp;

திருநின்றவூர்,
06.04.2025

மரியாதைக்குரிய தசரதன் அவர்களுக்கு,

கோபத்தில் இப்படி ஆரம்பிக்கவில்லை. விவாகரத்து வாங்கப்போகிறவருக்கு ‘அன்புள்ள’ என்று எழுதினால் ஷர்மிளா மேடம் என்ன நினைப்பார் என்றுதான்.

சொன்ன நாளில் சொன்ன இடத்தில் வண்டியை விட்டிருக்கிறேன். நீங்கள் சொன்னது போலவே பிரேக் வெடுக்கென்று பிடித்து, ரயில்வே கேட் அருகே என் டிபன் டப்பா பறந்து போய் ஒரு போலீஸ்காரர் காலடியில் விழுந்தது. அவர் எடுத்துக் கொடுத்துவிட்டு, மெதுவாப் போம்மா என்றார். பன்னிரண்டு வருஷமாக ஓட்டுகிறேன் சார் என்றேன். ஏரிக்கரை மைதானத்தில் எனக்கு நீங்கள் கியர் போடக் கற்றுக்கொடுத்து அவ்வளவு வருஷம் ஆகிவிட்டது. கல்யாணமான மறு மாதம் வாங்கிய வண்டி. நிறத்தை நான் காட்டினேன். எங்க வீட்டு மாடு மாதிரியே இருக்கு என்று சொல்லி, ஷோரூமில் எல்லோர் முன்னாலும் ‘செவலை’ என்று பெயர் வைத்தது நீங்கள். எனக்கு அன்று மானமே போனது.

அம்மா ஆவக்காய் ஊறுகாய் போட்டார். ஒரு டப்பா வேம்புலியம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். பிரஷர் மாத்திரையை நினைத்துக்கொண்டு அளவாகச் சாப்பிடுங்கள்.

ஒரு சின்னக் குறை. உங்கள் கடிதத்தில் செயின் எப்படி இருக்கிறது, டயர் எப்படி இருக்கிறது என்று எல்லாம் இருந்தது. எழில் எப்படி இருக்கிறாள் என்று மட்டும் இல்லை.

ஏப்ரல் உங்கள் முறை. 23-ஆம் தேதியும் ஏப்ரலில்தான் வருகிறது. ஆகவே செவலை உங்களுக்கு. நன்றாகப் பார்த்துக்கொள்வீர்கள் என்று தெரியும்.

எழிலரசி

&nbsp;

மேனாம்பேடு,
09.04.2025

அன்புள்ள எழிலுக்கு,

ஷர்மிளா மேடம் என்ன நினைத்தாலும் நான் இப்படித்தான் ஆரம்பிப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்டாண்டுக்கு வந்தேன். உன் கடிதத்தையும் ஊறுகாயையும் எடுத்துக்கொண்டேன். வண்டியை எடுக்கவில்லை, சாவியும் வேம்புலியம்மாவிடமே இருக்கிறது. “வண்டிய வுட்டுட்டு ஊறுகாய மட்டும் தூக்கினு போறியே, இன்னா நைனா இது” என்று கேட்டார். ரயில் வந்துவிட்டது, ஓடிப் போய் ஏறிக்கொண்டேன்.

உனக்குச் சொல்கிறேன். என் கம்பெனி பஸ் மேனாம்பேட்டில் வீட்டு வாசலுக்கே வருகிறது. வண்டி இல்லாமல் எனக்கு ஒன்றும் குடிமுழுகிப் போகாது. உனக்கு க்ளினிக் லேபில் வேலை முடிய ராத்திரி எட்டரை ஆகிறது. அந்த நேரத்து ரயிலில் ஏற இடம் இருக்காது, இறங்கினால் உங்கள் தெருவில் லைட் இருக்காது. அதனால் நீயே வந்து எடுத்துப்போ. 23-ஆம் தேதி அது உன் கையில் இருக்கட்டும். எனக்கு அதுதான் நிம்மதி.

எழில் எப்படி இருக்கிறாள்? (கேட்டுவிட்டேன்.)

இப்படிக்கு,
தசரதன்

&nbsp;

திருநின்றவூர்,
12.04.2025

தசரதன் அவர்களுக்கு,

நன்றாக இருக்கிறேன். அடைப்புக்குறிக்குள் கேட்டாலும் கேட்டது கேட்டதுதான், நன்றி.

ஆனால் வண்டியை நான் எடுக்க மாட்டேன். நேற்று ஸ்டாண்டுக்குப் போய்ப் பார்த்தேன். நகராத வண்டிக்கு முன்னால் இடம் கிடையாது என்று வேம்புலியம்மா அதைக் கடைசி வரிசைக்கு, காலி மனையை ஒட்டிய வேலியோரம் தள்ளிவிட்டார். சீட்டில் ஒரு பூனை படுத்திருந்தது. துடைத்துவிட்டு வந்துவிட்டேன். வந்து எடுங்கள். பிடிவாதத்தில் நான் உங்களுக்குக் குறைந்தவள் இல்லை.

உங்களுக்கு அது வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் துடைத்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருப்பீர்கள். சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருப்பேன். கம்பெனியில் என்ன நடந்தது, மேனேஜர் என்ன சொன்னார் என்பதெல்லாம் அப்படித்தான் எனக்குத் தெரியும். என்னோடு பேசாத வாரங்களிலும் அதோடு பேசியிருக்கிறீர்கள். நானும் இல்லாமல், அதுவும் இல்லாமல், அந்த வீட்டில் நீங்கள் யாரோடு பேசுவீர்கள்?

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். சண்டைக்காக இல்லை. அப்பா இறந்தபோது நீங்கள்தான் எல்லாம் செய்தீர்கள். ஐஸ் பெட்டி, பந்தல், சுடுகாடு, வந்தவர்களுக்குச் சாப்பாடு என்று ஒன்றிலும் குறை இல்லை. என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. பதினாறு நாள். பதினேழாம் நாள் காலையில் வாசலில் உட்கார்ந்து வண்டிக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்தீர்கள். அன்றைக்கு எனக்குள் ஏதோ விட்டுப்போயிற்று. அதற்குப் பிறகு நாம் போட்ட சண்டைகளுக்கெல்லாம் வேறு வேறு பெயர் இருந்தது. எனக்கு எல்லாமே இந்த ஒரு சண்டைதான்.

சொல்லிவிட்டேன். வருஷப் பிறப்புக்கு வேப்பம்பூப் பச்சடி செய்ய உங்களுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டில் வாங்கிச் சாப்பிடுங்கள்.

எழில்

&nbsp;

மேனாம்பேடு,
15.04.2025

அன்புள்ள எழில்,

நேற்று மத்தியானம் செவலை எரிந்துபோய்விட்டது.

சுற்றி வளைத்து எழுதிப் பார்த்தேன், மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன். யார் உயிருக்கும் ஆபத்து இல்லை, அதை முதலில் மனதில் வைத்துக்கொள்.

ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் காய்ந்த புல் பற்றியிருக்கிறது. யாராவது பீடியைப் போட்டார்களா, குப்பையைக் கொளுத்தினார்களா, தெரியவில்லை. காற்று இந்தப் பக்கம் அடித்திருக்கிறது. வேலியோரம் நின்ற ஐந்து வண்டிகள் போய்விட்டன. வேம்புலியம்மா தனி ஆளாகப் பதினோரு வண்டிகளை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார். செவலைக்கு ஹேண்டில் லாக் போட்டிருந்ததால் சாவிக்கு ஓடியிருக்கிறார். அவர் திரும்பி வருவதற்குள் டேங்க் பிடித்துக்கொண்டதாம். அவருக்கு வலது கையில் சூடு பட்டிருக்கிறது, பெரிதாக இல்லை.

தகவல் தெரிந்து நான் போனபோது தீயணைப்பு வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. செவலை தண்ணீரில் நின்றது. சீட் இல்லை, டயர் இல்லை, ஹேண்டில்பார் மட்டும் ஒரு பக்கமாகத் திரும்பியபடி இருந்தது. முன் மட்கார்டில் ஒரு கையகலத்துக்கு நீ காட்டிய நிறம் மிச்சம் இருந்தது. ஆறாம் தேதி நான் ஓட்டிக்கொண்டு போயிருந்தால் அது இப்போது வீட்டு வாசலில் நின்றிருக்கும். உனக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அதை வேலியோரம் விட்டது நான்தான்.

வேம்புலியம்மா பக்கத்தில் வந்து, “இன்னா நைனா, கல்லு மாரி நின்னுகினு கீற. அயுதுடு, யாரு இன்னா சொல்லப் போறாங்க” என்றார்.

அழுதேன் எழில். பத்துப் பேர் பார்க்க, அந்த ஈரத்தில் உட்கார்ந்து அழுதேன். வண்டிக்காக ஆரம்பித்த அழுகைதான். பாதியில் மாமாவுக்கான அழுகையாக மாறிவிட்டது. உன் கடிதத்தை அன்று காலையில்தான் ஸ்டேஷனில் படித்திருந்தேன். அந்தப் பதினாறு நாளும், வாயைத் திறந்தால் உடைந்துவிடுவேன் என்று பயந்தேன். அது நீ அழ வேண்டிய வீடு. அங்கே மருமகன் உட்கார்ந்து அழுதால், உன் துக்கத்தை விட்டுவிட்டு நீ என்னைத் தேற்ற வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அதனால் ஓடி ஓடி வேலை செய்தேன், வேலை தீர்ந்ததும் ஆயில் மாற்றினேன். நான் நினைத்ததை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. எனக்கு மாமாவை ரொம்பப் பிடிக்கும். உன்னைத் தனியாக அழ விட்டது தப்பு. என்னை மன்னித்துவிடு.

பச்சடி கிடைக்கவில்லை. உன் அம்மாவின் ஊறுகாயோடு தயிர்சாதம் சாப்பிட்டேன்.

தசரதன்

&nbsp;

திருநின்றவூர்,
19.04.2025

என்னங்க,

உங்கள் கடிதத்தைப் பட்டாபிராம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். இரண்டு ரயிலை விட்டேன். பக்கத்தில் இருந்த பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள், வாங்கிக் குடித்தேன், அவள் யாரென்று கேட்கவும் தோன்றவில்லை.

பிறகு ஸ்டாண்டுக்குள் போனேன். அதைப் பார்த்தேன். அதைப் பற்றி இப்போது எழுத வரவில்லை. வேலியோரம் விட்டது நான்தான் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். பதினோராம் தேதி துடைத்துவிட்டு, அங்கேயே விட்டுவிட்டு வந்தது யார்? பழியிலும் பாதி எனக்கு வேண்டும், முழுதாக நீங்களே எடுத்துக்கொள்ளாதீர்கள். வேம்புலியம்மாவின் கைக்கு மருந்து போட்டுக் கட்டினேன். கட்டி முடிக்கும் வரைக்கும் திட்டினார். “ஆளுக்கு ஆளு வுட்டுக் குடுத்துகினு, கடசில அத அனாதையா வுட்டீங்களேமா” என்றார்.

நேற்று ஷர்மிளா மேடத்தைப் போய்ப் பார்த்தேன், மனுவில் வண்டியைப் பற்றி இருக்கிறதே என்று கேட்க. அவர் நல்ல மனுஷி, கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நல்லதாப் போச்சு எழில், பிரிக்கிறதுக்கு இனிமே ஒண்ணும் இல்ல என்று சொல்லிவிட்டு, அந்தப் பாராவைப் பேனாவால் அடித்தார்.

அடிப்பதற்கு முன்னால் நான் அதைப் படித்தேன். மனுதாரர்கள் இருவரும் மேற்படி வாகனத்தை மாதம் ஒருவராக எந்தப் பிணக்கும் இன்றிப் பயன்படுத்தி வருகிறார்கள் என்று இருந்தது. ஏழு பக்க மனு. ஒத்துப்போகவில்லை, சேர்ந்து வாழ முடியவில்லை, பேச்சுவார்த்தை இல்லை என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. நாம் சண்டை போடாமல் இருந்தோம் என்று எழுதியிருந்த ஒரே இடம் அதுதான். அதையும் அடித்த பிறகு மீதியைப் படித்தால் யாரோ இரண்டு பேரைப் பற்றி எழுதியது போல இருந்தது. அந்த மனுவில் இருக்கும் மனுஷன் எனக்காக வண்டியை விட்டுவிட்டு ரயிலேறிப் போக மாட்டான். என் அப்பாவுக்காக ஸ்டாண்டில் உட்கார்ந்து அழவும் மாட்டான். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

புதன்கிழமை நான் கோர்ட்டுக்கு வரப்போவதில்லை. உங்களை வராதீர்கள் என்று சொல்ல மாட்டேன், அது உங்கள் இஷ்டம். ஒருவர் மட்டும் வந்தால் வேறு தேதி கொடுப்பார்களாம். இரண்டு பேருமே உள்ளே போகாவிட்டால் மனுவை மூடிவிடுவார்கள் என்று மேடம் சொன்னார். அம்மாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது. அவரிடம் சொல்லவா, உங்களிடம் இதை எழுதவா, எதற்குப் பயம் என்று தெரியவில்லை.

எழில்

&nbsp;

பூந்தமல்லி,
23.04.2025

என் எழிலுக்கு,

கோர்ட்டுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் தாள் வாங்கி, அவர்கள் மேஜையிலேயே இதை எழுதுகிறேன். கடைக்காரர் இரண்டு முறை முறைத்துவிட்டார். இங்கிருந்து பட்டாபிராம் போய் வேம்புலியம்மாவிடம் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

ஆமாம், நான் கோர்ட்டுக்கு வந்தேன். கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதத்தை நம்பாமல் வரவில்லை. அதைத் திங்கட்கிழமையே படித்துவிட்டேன், சட்டைப் பையில்தான் இருக்கிறது. ஆனால் காலையில் ஒரு யோசனை வந்தது. ராத்திரியோடு ராத்திரியாக உன் மனசு மாறியிருந்தால், நீ தனியாக இங்கே வந்து நிற்பாய். நான் இல்லை என்றால் இதற்கும் வரவில்லையே என்று நினைப்பாய். இன்னொரு தடவை உன்னைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை. நீ வந்தால் கையெழுத்துப் போடுவது, வராவிட்டால் உள்ளே போகாமல் திரும்பிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு கிளம்பினேன்.

ஒன்பதரைக்கே வந்துவிட்டேன். வராந்தாவில் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டோ வந்து நின்றபோதெல்லாம் இறங்குவது யார் என்று எட்டிப் பார்த்தேன். நீல நிறப் புடவை கட்டிய ஒரு பெண் இறங்கினாள். அது நீ என்று நினைத்துப் படிக்கட்டு வரைக்கும் போய்விட்டேன். நீ இல்லை.

பதினொன்றே காலுக்கு நம் இரண்டு பேர் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். மூன்று தடவை. நான் தூணைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றேன். யாரும் உள்ளே போகவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

உனக்காக எத்தனையோ இடத்தில் காத்திருக்கிறேன் எழில். நீ வராததற்காக இத்தனை சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை திருநின்றவூருக்கு வருகிறேன். உன் அம்மாவிடம் சொல்ல வேண்டியதை நானே சொல்கிறேன். அதற்கு முன்னால் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து மாமாவைப் பற்றிப் பேச வேண்டும். நீ அழுதால் அழு, நானும் அழுவேன், யாரும் யாரையும் தேற்ற வேண்டாம். ரயிலில்தான் வர வேண்டும். பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வா.

உன்,
தசரதன்