காத்திருக்கும் குழு

1983 அக்டோபர் 9, ஞாயிறு. செண்பகனூர்.

காலையிலிருந்து மூட்டம். துவைத்துப் போட்ட பாவாடை மூன்று நாளாகக் காயவில்லை. வீட்டுக்காரம்மா வாசலில் நின்று, "டீச்சர், ஹீட்டர் யூஸ் பண்றீங்களா? பில் எகிறுதுங்க." என்னிடம் ஹீட்டரே இல்லை. இருந்தால் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருப்பேன்.

இன்று என் ஆராய்ச்சிக்கான குலுக்கல். பள்ளத்துக் காலனியில். எல்லாம் சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள். தூக்கமில்லாத பெண்கள் இருபது பேர். பாதிப் பேருக்கு உடல் தளர்த்தும் பயிற்சி இப்போதே (கு.1). மீதிப் பேர் ஆறு வாரம் சும்மா காத்திருக்க வேண்டும் (கு.2). அப்போதுதான் தூக்கம் வந்தது பயிற்சியாலா, தானாகவா என்று தெரியும். எம்.ஏ. பரீட்சையில் இதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். அன்று கன்ட்ரோல் குரூப் என்பது கரும்பலகையில் ஒரு கட்டம்.

எப்படி விளக்குவது என்று பயந்துகொண்டே போனேன். ராமாயி சுலபமாக்கிவிட்டாள். "இது சீட்டு மாதிரிதானே மிஸ்ஸி? பேரு வந்தவ முன்னாடி எடுப்பா, மத்தவ பின்னாடி எடுப்பா. யாருக்கும் நட்டமில்ல." (மிஸ்ஸி என்றால் அவர்களுக்கு நர்ஸ். திருத்திப் பார்த்தேன். விட்டுவிட்டேன்.)

பெயர்த் துண்டுகள் ஹார்லிக்ஸ் பாட்டிலில். எடுத்தது காமாட்சியின் மகள் தவமணி, எட்டாம் வகுப்பு. முதலில் வரும் பத்துப் பெயர் கு.1. ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல். ராமாயி பெயர் வந்தது. அவள் அண்ணன் மனைவி காமாட்சி பெயர் வரவில்லை. இருவரும் ஒரே வீடு. அம்மா பெயர் பத்துக்குள் வராமல் போனதும் தவமணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

கு.1-க்கு ஒரே கட்டளை. கற்றதை வெளியே யாருக்கும் சொல்லித் தரக் கூடாது.

அக்டோபர் 16, ஞாயிறு.

பால்வாடிக் கொட்டகையில் பயிற்சி. டேப் ரிக்கார்டரில் என் குரல்: வலது கையை இறுக்கமாக மூடுங்கள், விடுங்கள். பிறகு தோள், வயிறு, கால். பேட்டரி தீரத் தீர ஆண்குரல் ஆகிவிடுகிறது. சிரிப்பாணி. ஆனாலும் இரண்டு பேர் பாயிலேயே குறட்டை. பெருமையாக இருந்தது.

ராமாயி வீட்டில் பயிற்சி செய்யும்போது கதவைச் சாத்திக்கொள்கிறாளாம். "மதினி பாத்துருச்சுன்னா தப்பாயிரும்ல மிஸ்ஸி?" ரொம்ப நல்லது என்றேன்.

வாங்க: பேட்டரி, மெழுகுவத்தி, விக்ஸ், கம்பளிக் காலுறை.

அக்டோபர் 27, வியாழன்.

காமாட்சி என் அறைக்கே வந்தாள், கூட ராமாயி. காமாட்சி கையில் மரப்பட்டை உரித்த கறை; காட்டில் அதுதான் கூலி வேலை. அவளுடைய பெரிய மகனுக்கு மட்டும் சிலோன் பிரஜா உரிமை கிடைத்ததாம். அவனை விட்டுவிட்டு மற்றவர்கள் கப்பல் ஏறினார்களாம். ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு வரி இல்லை.

"நித்திர வரல்ல மிஸ்ஸி. கண்ண மூடினா அவன் வந்து நிக்கிறான். பகல்ல மரமெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது."

ஆஸ்பத்திரி? போனார்களாம். கொடுத்த மாத்திரை தீர்ந்துவிட்டதாம்.

ராமாயி சொன்னாள்: "என் சீட்ட மதினிக்கு மாத்திக் குடுங்க. நான் பின்னாடி எடுத்துக்கறேன். சீட்டுல மாத்திக்கிறது வழக்கந்தானே?"

இது சீட்டு இல்லை என்று வாய்வரை வந்தது. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இருவரும் தேங்காய் பன்னை ஆளுக்குப் பாதியாகத் தின்றுவிட்டுப் போனார்கள்.

அக்டோபர் 28, வெள்ளி.

ஆராய்ச்சி கைடுக்கு டிரங்க் கால். லைன் கிடைக்க மத்தியானம் ஆனது. "ஒருத்தரை மாத்தினா ரேண்டம் போச்சு. அப்புறம் அது தீசிஸ் இல்லம்மா, சமூக சேவை. ஃபெலோஷிப் மார்ச்ல முடியுது, ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. பழனியில் அப்பாவின் பஞ்சாமிர்தக் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருப்பதும் ஞாபகம் இருக்கிறது.

கெட்டவர் இல்லை. சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தார். அதுதான் எரிச்சல்.

சாயங்காலம் காமாட்சியிடம் சொன்னேன். மூன்று வாரம் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். "வரிசன்னா வரிசதான் மிஸ்ஸி. நாங்க நிக்காத வரிசையா?" எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதை நினைத்து இப்போது வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 8, செவ்வாய்.

மழை. தீபாவளிக்கு ஊருக்குப் போகாததற்கு அம்மா இன்னும் கோபம். ஜலதோஷம்.

இரவில் விழித்திருந்த மணிக்கணக்கை வைத்து கிராஃப் போட்டேன். கு.1-இன் கோடு படிப்படியாக இறங்குகிறது. கு.2 மேலேயே நிற்கிறது. அதிலும் காமாட்சி ஏறிக்கொண்டே போகிறாள். அவள் மோசமாக மோசமாக என் கிராஃப் அழகாகிறது.

இதை எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். மறுபடி திறந்தேன். டேப்பை எடுத்துக்கொண்டு இப்போதே இறங்கிப் போகலாம். யாருக்குத் தெரியப்போகிறது? கைடுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் இன்னும் பன்னிரண்டு நாள்தானே.

போகவில்லை.

நவம்பர் 15, செவ்வாய்.

வீட்டுக்காரம்மா: "யாரோ சிலோன்காரம்மா ஸ்லிப் ஆயிட்டாங்களாம் டீச்சர். பட்டைக் கட்டோட." பெயர் கேட்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

நேற்று சரிவில். மூட்டம். பொழுது சாய்ந்துதான் உடலை எடுத்திருக்கிறார்கள். வழியில் ஒருத்தி இன்னொருத்தியிடம், "தூங்காத கண்ணு. பள்ளம்னு தெரிஞ்சிருக்காது."

அவர்கள் வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. நாற்காலி போட்டார்கள். ராமாயி சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். "கதவச் சாத்திக்கிட்டுல்ல செஞ்சேன். மதினி வெளிய குளிர்ல உக்காந்து கெடந்துச்சு. சாத்திக்கிட்டுல்ல செஞ்சேன்."

டேப் கேட்டிருந்தால் தூங்கியிருப்பாளா? மகன் என்ன ஆனான் என்றே தெரியாதவளுக்குக் கையை மூடித் திறந்தால் போதுமா? தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவளைக் காக்க வைத்தேன்.

நவம்பர் 17, வியாழன்.

கைடுக்குப் பேசினேன். நிஜமாகவே வருத்தப்பட்டார். பிறகு, "டிராப்-அவுட்னு போட்டுக்கோ. ஒன்பது பேர் போதும்."

சாப்பிடவில்லை.

நவம்பர் 20, ஞாயிறு.

கு.2-இன் முறை. யாரும் வந்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே இறங்கினேன். வந்திருந்தார்கள், பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

பத்துப் பாய். ஓரத்தில் தவமணி, பள்ளிக்கூடப் பாவாடையில்.

"அம்மா சீட்டு மிஸ்ஸி."

நான் ராமாயியைப் பார்த்தேன். அவள் வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. "சீட்டுக்காரி செத்தா புள்ளைக்குத்தானே மிஸ்ஸி. ஏலாதுன்னு சொல்லிறாதீங்க."

ஏலாது என்று சொல்லவில்லை.

டேப்பைப் போட்டேன். புது பேட்டரி. என் குரல் கணீரென்று வந்தது. வலது கையை இறுக்கமாக மூடுங்கள். எல்லாரும் மூடினார்கள். விடுங்கள்.

தவமணி விடவில்லை. குரல் தோளுக்குப் போனது, வயிற்றுக்குப் போனது, காலுக்குப் போனது. குரல் முடிந்து டேப் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் எழுந்து பாயைச் சுருட்டினார்கள். அவள் கண்ணை மூடியபடி கிடந்தாள். கை மூடியபடியே இருந்தது.