குழாய்க்கு ஒரு பொட்டு

அக். 6, திங்கள்

காலையிலேயே புழுக்கம். ஆயுத பூஜை லீவு முடிந்து லேப். பொன்னமராவதி பஸ்ஸில் உட்கார இடம், அதிசயம்.

புதுக் குழாய் ஓட்டினேன். விரலைவிட மெல்லிய செப்புக் குழாய், உள்ளே பூராவும் நுணுக்கமான ஃபின், சீப்புப் பல் மாதிரி. சுற்றி ஹீட்டர். உள்ளே திரவம் ஓடிக்கொண்டே கொதிக்கும்போது எவ்வளவு சூட்டை வாங்கும்? இந்த ஒரு கேள்விக்குத்தான் பி.எச்டி., நாலு வருஷமாக.

ரீடிங் எதிர்பார்த்ததைவிட ரொம்ப மேலே. கைடு சாருக்கு வாயெல்லாம் பல். "பிரமாதம்மா! வெள்ளிக்கெழம பேப்பர அனுப்பிருவோம். தீசிஸ் முடிஞ்ச மாதிரிதான்."

சிரித்து வைத்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. ஆடியில் அம்மா போனதிலிருந்து இப்படித்தான். மரத்துப்போன கால் மாதிரி.

வாங்க: புளி, சோப்பு, அப்பாவுக்கு பி.பி. மாத்திரை.

அக். 7, செவ்வாய்

அப்பா வைத்த ரசம். உப்பில்லை. இரண்டு பேரும் அப்படியே சாப்பிட்டு எழுந்தோம்.

ரீடிங் இன்னும் மேலே. இவ்வளவு நன்றாக வரக்கூடாதே.

அக். 8, புதன்

தூறல். சந்தேகம் தாங்கவில்லை. கொதிக்கவிடாமல் வெறும் திரவமாக ஓட்டிப் பார்த்தேன். ஹீட்டர் கொடுக்கும் சூட்டில் முக்கால்வாசிதான் திரவத்துக்குப் போகிறது. மீதி எங்கே?

குழாயின் மேல் சுற்றிய ஃபாயிலைக் கிழித்தேன். சூடு வெளியே போகாமல் இருக்கச் சுற்றிய பஞ்சு, சொதசொதவென்று ஈரம். அது வழியாகத்தான் போயிருக்கிறது. நானோ அதையும் திரவத்தின் கணக்கில் சேர்த்திருக்கிறேன். எல்லா ரீடிங்கும் பொய்.

அட்டெண்டர் பழனியப்பண்ணன் வந்து நின்றார்.

"நாந்தாத்தா பிரிச்சுக் கழுவுனேன், பூசைக்கி. ஒங்க வீட்ல துக்கம், இந்த வருசம் நீ தொடக்கூடாதுல்ல. அதுக்காக ஒம் மிசினு மட்டும் பொட்டில்லாம கெடக்கணுமா?"

பஞ்சுக்கு அடியில், குழாயில், சந்தனமும் குங்குமமும். எங்கள் வீட்டில் அப்பாவின் வண்டிக்குக்கூட இந்த வருஷம் பொட்டில்லை.

அழுதேன். அம்மாவைத் தூக்கியபோதுகூட வராத அழுகை. அண்ணன் பயந்துபோய் டீ வாங்கப் போய்விட்டார்.

அக். 10, வெள்ளி

நேற்று முழுக்கச் சொல்லலாமா வேண்டாமா என்றே போனது. இன்று சாரிடம் சொல்லிவிட்டேன். பேப்பர் போகவில்லை. எல்லாம் முதலிலிருந்து.

"பஞ்ச யாரு நனைச்சா? அட்டெண்டரா? மெமோ குடுத்தாத்தான் அந்தாளுக்கு உறைக்கும்."

"நான்தான் சார். பூஜைக்குக் கழுவுனேன்."

"அம்மா போயி மூணு மாசங்கூட ஆகல. பூஜை பண்ணியா நீ?"

"ஆமா சார்."

ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

மதியம் குழாயைக் காயவைத்துப் புதுப் பஞ்சு சுற்றினேன். பொட்டைத் துடைக்கவில்லை.