ஆலப்பாக்கம் தாண்டினால் தமிழ் கூடாது

இன்று கடலூரிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் நாம் வழக்கமாக உட்காரும் சீட்டே கிடைத்தது. முன்சீட்டுக் கம்பியில் கை பட்டதும் விரல் தானாகத் தட்ட ஆரம்பித்தது. பக்கத்துப் பெண் ஒரு மாதிரி பார்த்தார். நிறுத்திக்கொண்டேன்.

உனக்கும் எனக்கும் ஒரே மருத்துவமனையில் நர்ஸ் வேலை, ஒரே ஆசை. நார்வேக்குப் போக வேண்டுமென்றால் அவர்கள் மொழியில் தேற வேண்டும். இரண்டு மூன்று சொற்களை இடைவெளி விடாமல் ஒட்டி நீட்டுகிற மொழி. எங்கே வெட்டுவது, எந்தத் துண்டை அழுத்துவது என்று முழித்தோம். ‘சூகெ’ என்றால் நோய்ப்பட்ட, ‘ஹூஸ்’ என்றால் வீடு, ‘சூகெஹூஸ்’ ஆஸ்பத்திரி. அழுத்தம் பழக பஸ் கம்பியில் தட்டுவோம்: முதல் துண்டுக்கு ஓங்கி, மற்றதற்கு மெதுவாக. நம் வாயோ எல்லா அசைக்கும் ஒரே மரியாதை கொடுக்கும். “எல்லாத்தையும் சமமா சொல்றது ஒரு தப்பாடி? நல்லாருக்கு அவுங்க ஊரு” என்பாய்.

சட்டம் போட்டது நான்தான். வேலை முடிந்து சிதம்பரம் திரும்பும்போது ஆலப்பாக்கம் தாண்டினால் தமிழ் கூடாது.

அன்றைக்குப் புதுச்சத்திரம் வரும்போது நீ சொன்னாய். “மாரு வலிக்குதுடி. காலையிலேர்ந்தே.”

நான் உன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. செல்போனில் சொற்பட்டியலைத் தள்ளிக்கொண்டே, “தமிழ்ல பேசாத. அதுல சொல்லு” என்றேன். நீ கம்பியில் தட்டித் தட்டித் தேடினாய். ‘ப்ருஸ்ட்’ நெஞ்சு, ‘ஸ்மெர்தெர்’ வலி. முதலில் வெட்டும் இடம் தவறியது, திருத்தினேன். அடுத்து அழுத்தம் பின்னால் போனது; அதையும் திருத்தினேன். மூன்றாம் தடவை சரியாக வந்தது. உன் நெற்றியெல்லாம் வியர்வை. “சூப்பர்டி” என்றேன். வார்டில் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் ஓடியிருப்பேன்.

மறுநாள் நீ வேலைக்கு வரவில்லை. மாரடைப்பு என்று உன் வீட்டிலிருந்து போன் வந்தது.

நான் தேறிவிட்டேன். அடுத்த மாதம் கிளம்ப வேண்டும். போன வாரம் காட்டுமன்னார்கோயில் போய் உன் அம்மாவிடம் சொன்னேன். “அவளுக்கும் சேத்து நீ போயிட்டு வாம்மா” என்று கன்னத்தைத் தடவினார். பிறகு, போகும்போதெல்லாம் கேட்பதைக் கேட்டார்.

“உன்னாண்டகூட ஒரு வார்த்த சொல்லலியா அவ?”

“இல்லம்மா.”

“எதையும் வாய விட்டுச் சொல்ல மாட்டா. அழுத்தக்காரி. சொல்லியிருந்தா காப்பாத்தியிருக்கலாம்ல” என்று உன்னைத் திட்டித் திட்டி அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். உன்மேல் விழுந்த அந்தப் பழியை நான்தான் விழவிட்டேன்.

நீ சொன்னாய். முதலில் தமிழில்தான் சொன்னாய்.