லாரிகளுக்கு நேரம் குறித்தவளுக்கு

மிர்சினி,

நீ எனக்குத் தர வேண்டியது ஆயிரத்து எண்ணூற்று அறுபது யூரோ. உன் மேற்படிப்பின் கடைசிப் பருவத்துக்கு நான் கட்டியது. நேற்று, "நீங்க மூட்டை தூக்கி நான் படிக்கணுமா? நிறுத்திட்டு பணத்தைத் திருப்பி வாங்கித் தர்றேன்" என்று கத்தினாய். "நிறுத்திக்கோ போ" என்று நானும் கத்திவிட்டேன். அது கோபத்தில் வந்த பேச்சு.

பருப்பு சூப் அடுப்பில் இருக்கிறது. வினிகர் விட்டுக்கொள். கீழ்வீட்டு ஃபோதினி அத்தை வந்தால் சாயங்காலம் வரச் சொல். ஆபீசுக்கு லீவு சொல்லிவிடு. பதினொன்றுக்கு உன் கடைசிப் பருவ வகுப்பு. நம் தெசலோனிகி வாத்தியாரும், அவரோடு சேர்ந்து இந்தப் படிப்பை நடத்தும் பல்கேரியா வாத்தியாரும் கம்ப்யூட்டரில் உனக்காகக் காத்திருப்பார்கள்.

போன பருவத்தில் படிப்பு வேலையாக, எங்கள் கிடங்குக்கு வரும் ஒவ்வொரு லாரிக்கும் ஃபோனிலேயே நேரம் ஒதுக்கிக் கொடுத்தாய். "லாரிக்கு டாக்டர் வீட்டு டோக்கனா?" என்று முதலில் சிரித்தவன் நான்தான். முன்பெல்லாம் எல்லா லாரியும் ஒன்றாக வந்து நிற்கும். கடைசி லாரி காலியாகும்வரை எங்களுக்கு வீடு கிடையாது. இப்போது வெளிச்சத்தோடு வந்து உன்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன். "என் பெண்டாட்டிக்கு என் முகம் ஞாபகம் வந்துடுச்சு, உன் பொண்ணாலதான்" என்கிறான் என்னோடு மூட்டை தூக்கும் லெஃப்தேரிஸ்.

எழுத இவ்வளவு நேரமாகும் என்று தெரிந்திருந்தால் உன்னை எழுப்பியே சொல்லியிருப்பேன். நாற்பது வயதில் எழுத்துக் கற்ற கை இது.

அப்பா

சாவி பால்கனிப் பூந்தொட்டியில்.

ஓரத்தில் இடம் இருக்கிறது, அதனால் இதையும் எழுதுகிறேன்: அந்தப் பணத்தை ஒவ்வொரு சாயங்காலமும் எனக்குக் கொடுத்துவிட்டாய், மகளே. பாக்கி எதுவும் இல்லை. பதினொன்றுக்குப் போய் உட்கார்.